சட்டசபைக் கேள்வியும் விஞ்ஞானியின் கணக்கும்

(குன்றாண்டார்கோவிலில் விவசாயிகளும் ஊராட்சிப் பிரதிநிதிகளும் கூடிய கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம் நமது கூட்டங்களில் அடிக்கடி பேசப்படுவதல்ல. கூலி, பட்டா, ரேஷன், நூறு நாள் வேலை என்றால் எல்லோருக்கும் உடனே புரியும். விஞ்ஞானிகள் செய்கிற ஆராய்ச்சி சட்டசபை உறுப்பினரின் கைக்கு எப்படிப் போய்ச் சேருவது, அதற்கு நாம் என்ன செய்வது என்றால், "இது படித்தவர்கள் பட்டணத்தில் பேசிக்கொள்ள வேண்டியது, கடலைக் காட்டில் களை எடுக்கிறவளுக்கு இதில் என்ன வேலை?" என்று கேட்கத் தோன்றும்.

வேலை இருக்கிறது. நமது ஊர்களைச் சுற்றி நிற்கும் தைலமரக் காடுதான் அந்த வேலை.

ஆர்.எஸ்.பதி என்று நம் ஜனங்கள் சொல்லும் இந்த மரம் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது. 1974இல் தமிழ்நாடு வனத் தோட்டக் கழகம் என்ற சர்க்கார் ஸ்தாபனம் ஏற்பட்டது. நமது மாவட்டத்தின் வானம் பார்த்த காடுகளில் இருந்த சூரை, காரை, உசிலை, வெப்பாலை எல்லாம் போய், வரிசை வரிசையாகத் தைலமரம் வந்தது. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வெட்டுகிறார்கள். லாரி ஏறிக் காகித ஆலைக்குப் போகிறது. அடிக்கட்டையிலிருந்து மறுபடி துளிர்க்கிறது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. கரூர் பக்கம் காகிதபுரத்தில் இருக்கும் சர்க்கார் காகித ஆலை, கரும்புச் சக்கையிலிருந்து காகிதம் செய்வதற்கென்றே 1979இல் தொடங்கப்பட்ட ஸ்தாபனம்! அதற்கும் இன்று மரக்கூழ் வேண்டியிருக்கிறது. அது இருக்கட்டும்.

நமது விவசாயிகளின் புகார் இரண்டு. ஒன்று, மரம் நிலத்தடி நீரை உறிஞ்சுகிறது, கிணறு வற்றுகிறது. இரண்டு, தோட்டத்துக்குள்ளேயே மழைநீரைத் தேக்குவதற்காக வரப்புப் போட்டு, குழி வெட்டி வைத்திருக்கிறார்கள். அதனால் வரத்து வாரியில் தண்ணீர் இறங்குவதில்லை, கண்மாய் பெருகுவதில்லை. இந்த இரண்டையும் மனுவாக எழுதி எத்தனை தடவை கொடுத்திருக்கிறோம்! நம் மனு ஒவ்வொன்றிலும் ஒரே வாக்கியம்தான்: "தைலமரம் தண்ணீரைக் குடிக்கிறது, ஆகவே அகற்ற வேண்டும்."

இந்த வாக்கியத்தை நமது உறுப்பினர் சட்டசபையில் எழுந்து சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மந்திரியின் பக்கத்தில் கோப்புடன் அதிகாரிகள் இருக்கிறார்கள். "எல்லா மரமும் தண்ணீர் குடிக்கத்தான் செய்யும், தைலமரம் மற்ற மரங்களைவிட அதிகம் குடிப்பதாக நிரூபணம் இல்லை" என்று ஒரு வரியில் பதில் வந்தால், நமது உறுப்பினர் அதற்கு மேல் என்ன சொல்ல முடியும்? உட்கார்ந்துவிட வேண்டியதுதான். அவர் பேரில் குற்றமில்லை. அவர் கையில் நாம் கொடுத்தது ஒரு வாக்கியம். எதிர்த் தரப்பின் கையில் இருப்பது ஒரு கோப்பு.

ஆகவே கோப்பில் என்ன இருக்கிறது என்று நாமும் பார்க்க வேண்டும்.

முதலாவது, நமது தமிழ்நாட்டிலேயே நடந்த ஆராய்ச்சி. உதகமண்டலத்தில் மண், நீர் பாதுகாப்புக்கான மத்திய ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அந்த நிலையத்து விஞ்ஞானிகள் கிளன்மார்கன் என்ற இடத்தில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு சிறு நீர்ப்பிடிப்புப் பகுதிகளைத் தேர்ந்தெடுத்தார்கள். ஒவ்வொன்றும் சுமார் 32 ஹெக்டேர். இரண்டிலும் புல்வெளி. 1968 முதல் இரண்டிலிருந்தும் ஓடி வரும் ஓடை நீரை அளந்தார்கள். எந்த மழைக்கு எதில் எவ்வளவு தண்ணீர் வருகிறது என்று தெரிந்த பிறகு, 1972இல் ஒன்றில் மட்டும் பாதிக்குச் சற்று அதிகமான பரப்பில் தைலமரம் வைத்தார்கள். மற்றதைத் தொடவில்லை. பிறகு வருஷக்கணக்கில் அளந்துகொண்டே இருந்தார்கள்.

இந்த முறையின் அருமையைக் கவனியுங்கள். மழை குறைந்ததால் தண்ணீர் குறைந்தது என்று யாரும் தட்டிக் கழிக்க முடியாது. மழை இரண்டுக்கும் ஒரே மழை. மண்ணும் ஒரே மண். வித்தியாசம் மரம் மட்டுமே. முதல் பத்தாண்டில், மரம் வைத்த பகுதியில் நீர் வரத்து 16 சதவிகிதம் குறைந்தது. வெட்டி, மறுபடி துளிர்க்க விட்ட இரண்டாவது பத்தாண்டில் 25 சதவிகிதம் குறைந்தது. கோடையில் ஓடும் ஊற்று நீர் இன்னும் மோசமாகக் குறைந்தது. வெட்டித் துளிர்த்த மரம் முதல் மரத்தைவிட அதிகம் எடுக்கிறது என்பதை, திரும்பத் திரும்ப வெட்டித் துளிர்க்க விடும் நம் ஊர்த் தோட்டங்களோடு சேர்த்து நினைத்துப் பாருங்கள்.

இரண்டாவது, கர்நாடகத்தில் நடந்தது. அங்கே 1983இல் தும்கூர் மாவட்டத்து விவசாயிகள் வன நாற்றங்காலுக்குள் இறங்கி தைலமரக் கன்றுகளைப் பிடுங்கிப் போட்டார்கள். நாடெங்கும் சர்ச்சை எழுந்தது. மரம் நல்லது என்றும், பிசாசு என்றும் கட்டுரைகள் வந்து குவிந்தன. சில ஆண்டுகள் கழித்து கர்நாடக வனத்துறையும் பிரிட்டனின் நீரியல் ஆராய்ச்சி நிலையத்தாரும் சேர்ந்து, மரம் எவ்வளவு தண்ணீரை உறிஞ்சுகிறது, வேர் எவ்வளவு ஆழம் போகிறது, மண்ணின் ஈரம் எந்த ஆழத்தில் எவ்வளவு என்று அளந்தார்கள்.

அவர்கள் கண்டதை ஒளிவுமறைவில்லாமல் சொல்ல வேண்டும். மண் ஆழம் குறைந்த இடத்தில் தைலமரம் குடித்த தண்ணீர், அங்கேயே இருந்த நாட்டு இலையுதிர் காடு குடித்ததைவிட அதிகமில்லை. இது நமக்குப் பிடிக்காத சேதி. ஆனால் அதே அளவையில் இன்னொன்றும் வந்தது. கேழ்வரகு போன்ற பயிருடன் ஒப்பிட்டால், மரம் எடுப்பது சுமார் இரண்டு மடங்கு. மூன்றாவதாக, ஹொசகோட்டே என்ற இடத்தில் மண் மிக ஆழமாக இருந்தது. அங்கே அளந்த ஆண்டுகளில் பெய்த மழையைக் காட்டிலும் அதிகமான தண்ணீரை மரம் எடுத்தது. மழையைவிட அதிகம் எப்படி எடுக்கும்? முன் காலத்தில் மண்ணுக்குள் சேர்ந்து கிடந்த ஈரத்தை வேர் ஆழமாகப் போய் எடுத்தது. வட்டியைச் சாப்பிட்டது போதாமல் முதலிலும் கை வைத்துவிட்டது!

இப்போது இதை நமது மாவட்டத்துக்குக் கொண்டு வாருங்கள். குன்றாண்டார்கோவில், கீரனூர், நார்த்தாமலைப் பக்கம் எல்லாம் பாறை பூமி. பல்லவர் காலத்தில் குன்றைக் குடைந்து கோவில் எடுக்கும் அளவுக்குப் பாறை. மேல் மண் கொஞ்சம், கீழே சுக்கான், அதற்குக் கீழே கருங்கல். ஆலங்குடி, கறம்பக்குடிப் பக்கம் போனால் வேறு பூமி. ஆழமான வண்டல் படிவம். கர்நாடகத்து முடிவின்படி, ஒரே மரம் இந்த இரண்டு இடத்திலும் ஒரே மாதிரி நடந்துகொள்ள வேண்டியதில்லை. கிழக்கே நிலத்தின் ஆழத்தில் இருக்கும் சேமிப்பைக் காலி செய்யக்கூடும். நம் பக்கத்தில் வேர் ஆழமாகப் போக இடமில்லை. ஆனால் பெய்கிற மழையில் பெரும் பங்கை மரமே எடுத்துக்கொண்டு, மிச்சம் வாரியில் ஓடவேண்டியதை வரப்பும் குழியும் தடுத்துவிட்டால், கண்மாய்க்கு என்ன வரும்?

நீலகிரியின் கணக்கை அப்படியே இங்கே தூக்கி வைக்கவும் முடியாது. அங்கே மழை அதிகம், குளிர்ந்த பூமி, மரத்தின் இனமும் வேறு. மந்திரியின் கோப்பில் இந்த வாதம் இருக்கும். நமது மண்ணில் நமது மரத்தை வைத்து அளந்தால்தான் அந்த வாதத்துக்குப் பதில் உண்டு. ஆகவே நமது முதல் கோரிக்கை "அகற்று" என்பதோடு நிற்கக் கூடாது. "மேற்கே பாறை பூமியில் ஒரு ஜோடி, கிழக்கே ஆழ மண்ணில் ஒரு ஜோடி நீர்ப்பிடிப்புப் பகுதிகளைத் தேர்ந்தெடுத்து அளக்க வேண்டும்; அளந்து முடிக்கும் வரை புதிதாக நடக் கூடாது; வரத்து வாரியை மறிக்கும் வரப்புகளை உடனே நீக்க வேண்டும்" என்று இருக்க வேண்டும். கடைசியாகச் சொன்ன வரப்புக்கு ஆராய்ச்சியே தேவையில்லை. மேட்டில் மறித்தால் பள்ளத்துக்கு வராது என்பதை மடை திறக்கிற சிறுவனும் சொல்வான்.

"அளக்கிறேன் என்று பத்து வருஷம் இழுத்தடிப்பார்களே?" என்று இங்கே ஒரு பெரியவர் கேட்டார். நியாயமான சந்தேகம். ஆராய்ச்சி என்ற பெயரில் காலம் கடத்துவது ஆளுகிறவர்களுக்குக் கைவந்த கலை. அதனால்தான் "அளந்து முடிக்கும் வரை நடக் கூடாது" என்ற வரியைச் சேர்த்துச் சொல்கிறோம். இந்த வரி இல்லாவிட்டால் தாமதத்தின் லாபம் அவர்களுக்கு. இருந்தால் தாமதத்தின் நஷ்டம் அவர்களுக்கு. அளக்காமல் உத்தரவு போட்டால் என்ன ஆகும் என்பதற்கும் உதாரணம் உண்டு. 2017இல் சீமைக் கருவேலத்தை வெட்ட வேண்டுமென்று உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டது. ஊர் ஊராக வெட்டினார்கள். அதே ஆண்டில், விஞ்ஞான ஆதாரம் எங்கே என்ற கேள்வி எழுந்து, உயர் நீதிமன்றமே இடைக்காலத் தடை விதித்து, நிபுணர் குழு அமைக்கும்படி சொன்னது. மரம் வெட்டிய பிறகு நிபுணர்! இது தலைகீழ் வேலை அல்லவா?

இனி சட்டசபையின் பக்கம் வருவோம். 234 உறுப்பினர்கள். அவர்களில் பெரும்பாலோருக்கு ஒரு மசோதாவைப் படித்துக் குறிப்பெழுதித் தர ஒரு ஆராய்ச்சி உதவியாளர்கூடக் கிடையாது. மசோதா பெரும்பாலும் அறிமுகமான கூட்டத் தொடரிலேயே நிறைவேறிவிடுகிறது. ஒரு துறையின் மானியக் கோரிக்கை ஒரு நாளில் பேசி முடிந்துவிடுகிறது. கல்யாண வீட்டுக்கும் சாவு வீட்டுக்கும் போய், ஆஸ்பத்திரியில் படுக்கைக்குச் சிபார்சு செய்து, கூட்டத்துக்கு முதல் நாள் ராத்திரி ரயில் ஏறுகிற உறுப்பினர், நீரியல் ஆராய்ச்சி அறிக்கையை எப்போது படிப்பார்? பிரிட்டிஷ் பார்லிமெண்டில் இதற்கென்றே 1989இல் ஒரு காரியாலயம் ஏற்பட்டது; விஞ்ஞான விஷயம் எதுவானாலும் உறுப்பினர்களுக்கு நாலு பக்கத்தில் எழுதித் தருகிறார்கள். அமெரிக்கக் காங்கிரசில் 1972இல் அப்படி ஒன்றை ஏற்படுத்தினார்கள். 1995இல் செலவு என்று சொல்லி மூடிவிட்டார்கள். பக்கத்துக் கேரளத்தில் சட்டசபையில் துறைவாரியான குழுக்கள் 1980 முதல் இருக்கின்றன. மசோதாவும் மானியமும் அங்கே அலசப்படுகின்றன.

அலசாமல் போட்ட சட்டத்தின் கதி நமக்குத் தெரியும். 2003இல் தமிழ்நாடு நிலத்தடி நீர்ச் சட்டம் நிறைவேறியது. பத்து வருஷம் அது நடைமுறைக்கே வரவில்லை. 2013இல் ரத்து செய்துவிட்டார்கள். பிறக்காமலே செத்த சட்டம். அந்தப் பத்து வருஷத்தில் இந்த மாவட்டத்தில் எத்தனை ஆழ்குழாய்க் கிணறு இறங்கியது என்பதை உங்கள் ஊர்களிலேயே எண்ணிக்கொள்ளலாம்.

ஜனப் பிரதிநிதிகள் மனம் வைத்தால் விஞ்ஞானத்தைக் கையாள முடியும் என்பதற்கும் அத்தாட்சி உண்டு. கத்தரிக்காய் விஷயத்தைச் சொல்கிறோம். மரபணு மாற்றிய கத்தரியை விற்பனைக்கு விடலாம் என்று 2009 அக்டோபரில் மத்திய சர்க்காரின் அங்கீகாரக் குழு முடிவு செய்தது. அந்தக் கத்தரியை உருவாக்கியதில் நமது கோயமுத்தூர் விவசாயப் பல்கலைக் கழகத்துக்கும் பங்குண்டு. எதிர்ப்புக் கிளம்பியது. மந்திரி ஜெய்ராம் ரமேஷ் ஏழு நகரங்களில் பகிரங்க விசாரணை நடத்தினார். விதைக் கம்பெனிக்காரர், விஞ்ஞானி, விவசாயி எல்லோரும் ஒரே மேடையில் பேசினார்கள், கூச்சலும் இருந்தது. 2010 பிப்ரவரி 9ஆம் தேதி அந்தக் கத்தரியை நிறுத்தி வைத்தார்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் நமக்குப் பாடம். பார்லிமெண்டின் விவசாய நிலைக்குழு இந்த விஷயத்தை எடுத்துக்கொண்டது. தலைவர் தோழர் பாசுதேவ் ஆச்சாரியா. குழுவில் ஆளும் கட்சியாரும் எதிர்க் கட்சியாரும் இருந்தார்கள். விஞ்ஞானத்தில் பட்டம் வாங்கியவர்களைப் பொறுக்கி அமைத்த குழு அல்ல. கம்பெனியின் பரிசோதனை அறிக்கைகளைக் கேட்டு வாங்கினார்கள். ஆதரிக்கிற விஞ்ஞானியையும் எதிர்க்கிற விஞ்ஞானியையும் கூப்பிட்டுக் கேட்டார்கள். பருத்தி விவசாயிகள் தற்கொலை செய்துகொண்ட விதர்ப்பாவுக்கே போய்க் கிராமத்தில் உட்கார்ந்து விசாரித்தார்கள். 2012 ஆகஸ்டில் அறிக்கை வந்தது. வயல் பரிசோதனைகளை நிறுத்துங்கள், கண்காணிப்பு முறையைச் சீர் செய்யுங்கள் என்று கட்சி வித்தியாசமில்லாமல் ஒருமனதாகச் சொன்னார்கள். சர்க்கார் அதை முழுமையாக ஏற்றதா என்பது வேறு விஷயம். ஆனால் விஞ்ஞானியல்லாத உறுப்பினர் விஞ்ஞானியிடம் என்ன கேள்வி கேட்க வேண்டும் என்பதை அவர்கள் காட்டிவிட்டார்கள். பரிசோதனையை யார் செய்தது? யார் பணத்தில்? எத்தனை காலம்? முழுக் கணக்கையும் வெளியிட்டாயா? இவற்றைக் கேட்கப் பட்டம் வேண்டியதில்லை. சந்தையில் எடைக்கல்லைத் திருப்பிப் பார்க்கத் தெரிந்தால் போதும்.

கேரளத்தில் அமைதிப் பள்ளத்தாக்கு அணைத் திட்டம் வந்தபோது சாஸ்திர சாகித்ய பரிஷத்தைச் சேர்ந்த ஐந்து பேர் 1979இல் ஒரு சிறு அறிக்கை தயாரித்தார்கள். காட்டைப் பற்றித் தெரிந்தவர், மின்சாரம் தெரிந்தவர், பொருளாதாரம் தெரிந்தவர் என்று ஆளுக்கு ஒரு பக்கமாகச் சேர்ந்து எழுதினார்கள். மின்சாரம் வேண்டாம் என்று அவர்கள் சொல்லவில்லை. வேறு வழியில் கிடைக்கும் என்று கணக்குக் காட்டினார்கள். இடதுசாரித் தலைவர்கள் பலரே அணை வேண்டுமென்று நின்ற காலம் அது. நம்மவர்களிடமும் அவர்கள் பயப்படாமல் கணக்கைச் சொன்னார்கள். கடைசியில் அணைத் திட்டம் கைவிடப்பட்டது.

விஞ்ஞானியே சபைக்குள் போன சரித்திரமும் உண்டு. மேகநாத் சாஹா என்ற உலகப் புகழ்பெற்ற பௌதிக மேதை 1952இல் கல்கத்தாவிலிருந்து சுயேச்சையாக நின்று லோக்சபாவுக்கு வந்தார். வெள்ளத்தில் மிதக்கிற வங்காளக் கிராமத்தில், ஏழை வீட்டில் பிறந்தவர். ஆற்று வெள்ளத்தையும் அணுசக்தியையும் பற்றி நேருவின் சர்க்காரை நேருக்கு நேர் கேள்வி கேட்டார். 1956இல் டில்லியில் திட்டக் கமிஷன் காரியாலயத்துக்குப் போகிற வழியில் உயிர் துறந்தார். அப்படிப்பட்டவர் தொகுதிக்கு ஒருவர் கிடைக்கமாட்டார். ஆகவே மற்ற உறுப்பினருக்கு நாம்தான் கையாள்.

தைலமரம் வேண்டாம் என்னும்போது, அதை வெட்டிப் பட்டை உரித்துப் பிழைக்கிற கூலிக்காரர்களை மறந்துவிடக் கூடாது. இந்தக் கூட்டத்திலேயே அவர்கள் இருக்கிறார்கள். மரம் போனால் வேலை போகுமே என்று அவர்கள் கேட்பது நியாயம். முந்திரியும் நாட்டு மரங்களும் வைத்தால் ஏக்கருக்கு எத்தனை ஆள் வேலை, தைலமரத்துக்கு எத்தனை ஆள் வேலை என்ற கணக்கையும் நமது குறிப்பில் சேர்க்க வேண்டும். சேர்க்காவிட்டால் விவசாயியையும் கூலிக்காரனையும் மோத விட்டு வேடிக்கை பார்ப்பார்கள்.

இனி வேலைத் திட்டம். நிலத்தடி நீர்த் துறையார் கண்காணிப்புக் கிணறுகளில் நீர்மட்டத்தை அளந்து வைத்திருக்கிறார்கள். பிர்க்கா வாரியாகக் கணக்கும் போடுகிறார்கள். 2005ஆம் ஆண்டுத் தகவல் உரிமைச் சட்டப்படி நமது பிர்க்காவின் கணக்கைக் கேட்டு வாங்குவோம். எந்த ஊரில் எத்தனை ஹெக்டேர் தைலமரம், எந்த ஆண்டு வைத்தது, எத்தனை தடவை வெட்டியது என்று வனத் தோட்டக் கழகத்திடம் கேட்போம். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க, கல்லூரி ஆசிரியர்களையும் அறிவியல் இயக்கத் தோழர்களையும் துணைக்கு அழைப்போம். வம்பனில் பயறு ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. பயறு விதைத்தால் எவ்வளவு தண்ணீர் செலவாகும் என்பதை அங்கே போய்க் கேட்டால் சொல்லமாட்டார்களா?

நாமும் அளக்க வேண்டும். தைலமரத் தோட்டத்தை ஒட்டிய கிணறுகள் சில, தோட்டத்துக்கு எட்டத்தில் உள்ள கிணறுகள் சில. ஒவ்வொரு மாதமும் ஒரே தேதியில், மோட்டார் போடுவதற்கு முன் காலையில், கயிற்றில் கல் கட்டி இறக்கி, தண்ணீர் எத்தனை அடியில் இருக்கிறது என்று நோட்டில் எழுத வேண்டும். மோட்டார் ஓடிய பிறகு அளந்த கணக்கு செல்லாது. பெய்த மழையையும் எழுத வேண்டும். சாதகமாக வந்தாலும் பாதகமாக வந்தாலும் உள்ளதை உள்ளபடி எழுத வேண்டும். ஒரு கிணற்றின் கணக்கில் பொய் இருந்தால் மற்ற கணக்கையும் தூக்கி எறிந்துவிடுவார்கள். இதைத் தாய்மார்களிடம் ஒப்படைக்கலாம் என்பது எங்கள் அபிப்பிராயம். 1991இல் அறிவொளி இயக்கம் வந்தபோது இந்த மாவட்டத்தில் கல்லுடைக்கும் பெண்கள் இரவில் எழுத்துக் கற்று, சைக்கிள் ஓட்டி, குவாரியையே குத்தகை எடுத்து நடத்தியவர்கள். அவர்களுக்கு ஒரு நோட்டுப் புத்தகம் பெரிதல்ல.

இவை சேர்ந்ததும் இரண்டே பக்கத்தில் ஒரு குறிப்பு. முதல் பக்கத்தில் நாம் கண்ட கணக்கு, இரண்டாம் பக்கத்தில் உறுப்பினர் கேட்க வேண்டிய நாலு கேள்வி. அந்தக் குறிப்பு நமது கட்சி உறுப்பினருக்கு மட்டும் போக வேண்டியதல்ல. மாவட்டத்தின் எல்லாத் தொகுதி உறுப்பினர்களுக்கும், ஆளும் கட்சியாருக்கும் போக வேண்டும். சட்டசபையில் மனுக்கள் குழு இருக்கிறது. அதற்கு ஒரு பிரதி. வனத் தோட்டக் கழகம் சர்க்கார் கம்பெனியானதால், பொது நிறுவனங்கள் குழுவுக்கு ஒரு பிரதி. மந்திரி சபையில் "பரிசீலிக்கிறோம்" என்று வாக்குக் கொடுத்தால், தேதியைக் குறித்துக்கொண்டு உறுதிமொழிக் குழுவுக்கு எழுத வேண்டும். வாக்கைத் துரத்துவதற்கென்றே இருக்கிற குழு அது.

ஐப்பசி மழைக்கு முன் அளவை தொடங்கியாக வேண்டும். மழை பெய்து கிணறு ஊறிய பிறகு தொடங்கினால் எவ்வளவு ஏறியது என்று காட்ட முடியாது. இந்தக் கூட்டம் கலைவதற்குள் ஊருக்கு இரண்டு பேர் பெயரும், அளக்க வேண்டிய கிணறுகளின் பெயரும் எழுதிக் கொடுத்துவிடுங்கள். நோட்டும் கயிறும் மேஜை மேல் இருக்கின்றன. கயிற்றில் அடிக்கு ஒரு முடிச்சுப் போட்டிருக்கிறோம். நனைந்தால் கயிறு சுருங்கும், ஆகவே ஒவ்வொரு தடவையும் அளவுகோலை வைத்துச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.